249 கிராம்: முதல் ட்ரோனைத் தேர்வது குறித்து

முதல் கேமரா ட்ரோன்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் ஒரே முறையைக் கையாள்கிறார்கள். தேர்ந்த கைக்கு உரிய கருவியின் அம்சப் பட்டியலை எடுத்துக்கொள்வார்கள். விலை இறங்க இறங்க அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். சென்சார் சிறிது, தடை உணரி இல்லை, நிற ஆழம் குறைவு என்று கழித்துக்கொண்டே வந்து, மிஞ்சியதற்குத் ‘தொடக்கநிலைக் கருவி’ என்று பெயரிடுவார்கள். முறையே பிழையானது. புதிதாகத் தொடங்குபவரின் தேவை, தேர்ந்தவரின் தேவையில் ஒரு சிறு பங்கு அல்ல. ஓட்டுதல், படமெடுத்தல் என்ற இரண்டு கலைகளை அவர் ஒரே நேரத்தில் கற்க வேண்டியிருக்கிறது. ஒன்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மற்றதில் அவரைக் கவனம் செலுத்த விடுவது நல்ல முதல் கருவி. தாங்குகிறேன் என்ற பெயரில் ஒன்றை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் கருவி, எத்தனை சாமர்த்தியமானதானாலும், முதல் கருவிக்கான தகுதியை இழக்கிறது.

இந்த அளவுகோலை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம். கீழே வரும் தீர்ப்புகளில் சில, சந்தை வைத்திருக்கும் வரிசையைப் புரட்டிப்போடும்: விலை கூடியது பின்னுக்குப் போகும், புதியது பழையதிடம் தோற்கும். அளவுகோலை ஏற்காதவர் தீர்ப்பை ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை.

எடையிலிருந்து தொடங்கலாம்; இந்த வகையின் இலக்கணத்தை எழுதியதே எடைதான். 2019 அக்டோபரில் டி.ஜே.ஐ. நிறுவனத்தின் மேவிக் மினி வந்தபோது அதன் உடலிலேயே 249 கிராம் என்று அச்சிட்டிருந்தார்கள். அந்த எண்ணைத் தந்தது பொறியியல் அல்ல, சட்டம். 250 கிராமைத் தாண்டினால் அமெரிக்காவில் பொழுதுபோக்காளரும் கருவியைப் பதிவு செய்ய வேண்டும்; கனடாவில் பதிவோடு ஓட்டுநர் சான்றிதழும் வேண்டும்; சிங்கப்பூரிலும் பதிவு கட்டாயம்; இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரைதான் ‘நானோ’. சட்டம் கருவியை எப்படிச் செதுக்குகிறது என்பதற்கு ஜப்பான் தெளிவான சான்று. அங்கு வரம்பு 200 கிராமாக இருந்த காலத்தில், அதே மேவிக் மினியைச் சிறிய பேட்டரி பொருத்தி 199 கிராமில் விற்றார்கள். 2022 ஜூனில் ஜப்பான் வரம்பை 100 கிராமுக்கு இறக்கியதும் அந்தச் சாமர்த்தியம் பொருளற்றுப் போனது.

சட்டத்துக்குப் பணிந்து பிறந்த வடிவம் என்பதற்காக அதை இகழ வேண்டியதில்லை. லாபம் கணக்கில் தெரிகிறது. காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 249 கிராம் கருவி சுமார் 73 ஜூல் ஆற்றலோடு தரையைத் தொடும். 1,380 கிராம் எடையுள்ள பாண்டம் 4 ட்ரோன் அதே உயரத்திலிருந்து விழுந்தால் 400 ஜூலைத் தாண்டும். கீழே நிற்பவருக்கும் கருவிக்கும் இந்த வேறுபாடு பெரிது. புதியவர் கட்டாயம் எங்காவது மோதுவார். மோதலைத் தாங்கும் செலவு தேர்வின் உட்கூறு, பின்குறிப்பு அல்ல.

நட்டம் காற்றில் இருக்கிறது. மினி வகையில் பலவற்றின் அறிவிக்கப்பட்ட காற்றுத்தாங்கும் வரம்பு நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர். கேட்க ஆறுதலான எண். ஆனால் அவ்வகையில் ஒன்றான மினி 2 உடலின் வேகங்களை அருகில் வைத்துப் பாருங்கள்: சினி நிலையில் நொடிக்கு 6 மீட்டர், சாதாரண நிலையில் 10, ஸ்போர்ட் நிலையில் 16. காற்று 10 மீட்டர் வேகத்தில் எதிரே அடித்தால் சாதாரண நிலையில் கருவி முழு விசையோடு பறந்தும் நின்ற இடத்திலேயே நிற்கக்கூடும். வரம்புக்குள் இருக்கிறது என்பதும் வீடு திரும்பும் என்பதும் வேறு வேறு. தரையில் சட்டை அசையாத நேரத்திலும் 80 மீட்டர் உயரத்தில் காற்று வலுத்திருக்கும் என்பதைக் கடற்கரையூராருக்குச் சொல்ல வேண்டியதில்லை. போகும்போது காற்றை எதிர்த்துப் போய், திரும்பும்போது காற்றோடு வருவதுதான் இந்த வகைக்கு விதி. கையேட்டின் முதல் பக்கத்தில் அது இல்லாதது என் பார்வையில் குறை.

அடுத்த எல்லைக்கோடு கிம்பல். நான்கு ப்ரொப்பல்லர் கருவி முன்னே நகர வேண்டுமென்றால் உடலைச் சாய்த்தாக வேண்டும்; பக்கவாட்டில் நகர்ந்தால் பக்கவாட்டில் சாயும். உடல் சாய்ந்தாலும் கேமரா சாயாமல் நிற்க, மூன்று அச்சிலும் மோட்டார் வைத்த கிம்பல் தேவை. அது இல்லாத இடத்தில் மென்பொருள் அந்த வேலையைச் செய்ய முயல்கிறது. ஃப்ரேமின் ஓரங்களை வெட்டி, நடுப்பகுதியை நகர்த்தி, அடிவானத்தை நேராக்குகிறது. நல்ல வெயிலில் இது கண்ணை ஏமாற்றும். மாலை மங்கும்போது ஷட்டர் மெதுவாகும். அப்போது ஒவ்வொரு ஃப்ரேமும் தனக்குள்ளேயே கலங்கிப் போகும். கலங்கிய ஃப்ரேம்களை வரிசையாக நேராக்கி என்ன பயன்? நேரான கலங்கல்தான் கிடைக்கும். ஆகவே கேமரா ட்ரோன் என்ற சொல்லுக்கு நான் வைக்கும் குறைந்தபட்சத் தகுதி மூன்றச்சு கிம்பல்.

இந்தக் கோட்டை வரைந்தவுடன் கடைகளில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பாலானவை வெளியேறிவிடும். எழுத்தும் எண்ணுமாகப் பெயர் சூட்டிக்கொண்டு, பெட்டியில் ‘4கே இரட்டைக் கேமரா’ என்று அறிவித்துக்கொண்டு, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் கருவிகளில் ஜி.பி.எஸ். இருக்காது, கிம்பல் இருக்காது. பல நேரங்களில் கேமராவின் உண்மையான துல்லியம் பெட்டியில் அச்சிட்டதன் அருகில்கூட வராது. சிறிய படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கி 4கே என்கிறார்கள். திறனாய்வுக்கு இவற்றில் பொருள் இல்லை.

டெல்லோவை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்கக் கூடாது. 2018-இல் ரைஸ் நிறுவனம் டி.ஜே.ஐ., இன்டெல் தொழில்நுட்பத்தோடு கொண்டுவந்த இந்த 80 கிராம் கருவி தன்னைப் பற்றிப் பொய் சொல்லவில்லை. 720பி வீடியோ, 13 நிமிடப் பறத்தல், நூறு மீட்டருக்குள் அடங்கும் வீச்சு. கிம்பல் இல்லை, கார்டு போடவும் இடமில்லை. காட்சி வைஃபை வழியாகத் தொலைபேசிக்கு வந்துசேரும், வழியில் விட்டுவிட்டும் வரும். ஆனால் அறைக்குள் அசையாமல் நிற்கும், சுவரில் முட்டினால் தாங்கும், பைதானிலும் ஸ்க்ராட்சிலும் கட்டளை எழுதி ஓட்டலாம். ஓட்டுதலைக் கற்பிக்கும் ஆசானாக அது முழு வெற்றி, கேமராவாகத் தோல்வி. இரண்டும் தெளிவாக இருப்பதால் அதன் மீது வழக்கில்லை.

இனிக் களத்தில் மிஞ்சுபவை ஏறத்தாழ ஒரே நிறுவனத்தின், அதாவது டி.ஜே.ஐ.யின், பொருள்கள். இது சௌகரியமான நிலை அல்ல. சோலோ என்ற போட்டி ட்ரோன் சந்தையைவிட்டே போனது, 2016-இல் வந்த கோப்ரோ கார்மா வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டு, 2018-இல் அந்த நிறுவனமே களத்தைவிட்டு விலகியது, தடை தவிர்ப்பதில் உண்மையான சாதனை படைத்த ஸ்கைடியோ 2023-இல் பொதுமக்களுக்கான விற்பனையை மூடியது. போட்டி இல்லாத இடத்தில் ஒப்பீடு, ஒரு குடும்பத்துக்குள் அண்ணன் தம்பியை ஒப்பிடுவதாகச் சுருங்கிவிடுகிறது. பொட்டென்சிக் ஆட்டம் ஒன்றுதான் நேர்மையான வெளியாள்: 249 கிராமுக்குள் மூன்றச்சு கிம்பலோடு வந்தது, பறத்தலும் ஒழுங்கு. அதன் முதல் பதிப்பின் சென்சார், மினியின் சிறிய சென்சாரைவிடவும் சிறியது. அதனால் படத்தில் பின்தங்குகிறது. அதற்காக அதை ஒதுக்கிவிட முடியாது, முன்னிறுத்தவும் முடியவில்லை.

2024 செப்டம்பரில் வந்த நியோவிடம் நிற்க வேண்டியிருக்கிறது. புதியவருக்கான கருவி எது என்ற கேள்விக்கு நிறுவனமே தந்த நேரடிப் பதில் அது. 135 கிராம். ப்ரொப்பல்லர்களைச் சுற்றி முழு வேலி. உள்ளங்கையில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் எழும், சொன்ன வட்டத்தைப் போட்டுவிட்டுக் கைக்கே திரும்பும். அமெரிக்க அறிமுக விலை 199 டாலர். ரிமோட் அதில் சேர்த்தி இல்லை. தொலைபேசியால் ஓட்டினால் வீச்சு 50 மீட்டர். பறக்கும் நேரம் அறிவிப்பில் 18 நிமிடம்.

நியோவின் நிறையை மறுக்க இயலாது. அச்சத்தை அகற்றுவதில் அதற்கு இணை இல்லை. குழந்தைகள் ஓடும் முற்றத்தில் தயங்காமல் எழுப்பக்கூடிய கருவி. தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ள வேண்டிய நடைப்பயணிக்கும் சைக்கிள்காரருக்கும் அது போதும், மிச்சமும் உண்டு. ஆனால் அது ஓட்டுநரை உருவாக்கவில்லை, படத்துக்குள் வரும் ஆளை உருவாக்குகிறது. சட்டகம், வேகம், தூரம், வளைவு எல்லாவற்றையும் கருவி முடிவு செய்கிறது. நம் பங்கு நடந்துகொண்டே இருப்பது. பலமுறை எழுப்பி இறக்கிய பின்னும் இடது ஸ்டிக் எதற்கு, வலது ஸ்டிக் எதற்கு என்று கைக்குத் தெரிந்திருக்காது. கிம்பலும் ஓரச்சுதான், பக்கச் சாய்வை மென்பொருள் சமாளிக்கிறது. காற்றுவரம்பு நொடிக்கு 8 மீட்டர், அதன் எடைக்கு அதுவும் தாராளம். ரிமோட்டும் கூடுதல் பேட்டரியும் தனியே வாங்கிச் சேர்த்தால் விலை அடுத்த வகுப்பைத் தொட்டுவிடும். அப்போது அதை நியாயப்படுத்தும் ஒரே காரணமும் கரைந்துவிடும். பின்வந்த நியோ 2 இரண்டச்சு கிம்பலையும் தடை உணரியையும் சேர்த்துக் கொண்டது. குறைகள் சில தீர்ந்தன, கொள்கை மாறவில்லை. அந்தக் கொள்கைதான் என் ஆட்சேபம்.

2025 ஜனவரியின் ஃப்ளிப் இதற்கும் மினிக்கும் நடுவே பாலம் போட முயன்ற கருவி. 249 கிராமுக்குள் மூன்றச்சு கிம்பல், 1/1.3 அங்குலச் சென்சார், மடக்கி விரிக்கும் முழு வேலி, 31 நிமிடம். தாளில் படித்தால் சமரசமே இல்லாத கருவி போலத் தோன்றும். எடை மட்டும் கூடக் கூடாது என்ற நிபந்தனையோடு வேலியைச் சேர்த்ததால் பரப்பு கூடியது. பரப்பு கூடினால் காற்று பிடிக்கும். அறிவிக்கப்பட்ட வரம்பு மினியின் அதே 10.7 மீட்டர் என்றாலும், அந்த வரம்பை எட்டும் முன்பே மிதிவண்டிச் சக்கரத்தை எதிர்காற்றில் தூக்கிப்பிடித்தது போலக் கருவி போராடுவது தெரிகிறது. படம் மட்டும் நியாயமாகவே நன்றாக இருக்கிறது. வீட்டுக்குள்ளும் மரநிழலிலும் நெருங்கிப் பறக்க வேண்டியவருக்கு இது நல்ல தேர்வு. திறந்த வெளிக்கு ஆசைப்படுபவருக்கு வேலி சுமை.

மினி 4 ப்ரோவைப் பற்றிய பொதுக்கருத்தோடுதான் எனக்கு உண்மையான சண்டை. எல்லாத் திசையிலும் தடையை உணரும் கருவி என்பதால் ‘பணம் இருந்தால் முதல் கருவியாக இதையே வாங்குங்கள், மோதாது’ என்கிறார்கள். 2023 செப்டம்பரில் அது வந்தபோது, 249 கிராமுக்குள் அத்தனை திசைப் பார்வையை அடக்கியது பொறியியல் சாதனை, அதில் ஐயமில்லை. நிறமும் ஒளியும் அந்த வகுப்பின் உச்சியை ஒட்டியவை. கேள்வி வேறு. மின்கம்பி, இலையுதிர்த்த நுனிக்கிளை, தென்னங்கீற்று, கண்ணாடி, மங்கிய வெளிச்சம் ஆகியவற்றில் உணரி தடுமாறும். ஸ்போர்ட் நிலையில் உணர்வே நிறுத்தப்பட்டுவிடும். நம் ஊர்த் தெருக்களின் தடைகள் எவை என்று எண்ணிப் பாருங்கள்: உணரி காணாத பட்டியலும் அதுவும் ஏறத்தாழ ஒன்று. சுவரையும் மரத்தண்டையும் காணும், கம்பியைக் காணாது. கருவி நின்றுவிடும் என்று பழகிய கை, நிற்காத இடத்தில் சந்திக்கும் முதல் மோதல், வகுப்பிலேயே விலை கூடிய கருவியில் நிகழ்கிறது. உணரி தேர்ந்தவருக்கு இரண்டாம் காவல். புதியவருக்கு அதுவே முதல் காவலாகிவிடுகிறது, குறை அங்கே. 2025-இல் வந்த மினி 5 ப்ரோ ஓரங்குலச் சென்சாரோடு இன்னும் மேலே போயிருக்கிறது. அதன் அறிவிப்பு எடை 249.9 கிராம், சில கிராம் கூடக் குறைய இருக்கலாம் என்ற ஒப்புதலோடு. சட்டத்துக்காகப் பிறந்த வகுப்பு, சட்டத்தின் விளிம்பில் இப்படி ஊசலாடுவதை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை.

மிஞ்சுவன இரண்டு: மினி 4கே, மினி 3. உண்மையான போட்டி இங்கேதான்.

2024 ஏப்ரலில் 299 டாலருக்கு வந்த மினி 4கே-யில் புதிது என்று எதுவும் இல்லை. 2020-இன் மினி 2 உடல், அதே 1/2.3 அங்குல 12 மெகாபிக்சல் சென்சார், அதே எஃப் 2.8 துளை, நொடிக்கு 30 ஃப்ரேமில் 4கே. 31 நிமிடம் என்பது காற்றில்லா நிலையின் எண். இறங்குவதற்கு மிச்சம் வைத்துப் பறந்தால் 20 முதல் 25 நிமிடம். சந்தைக்கு இந்தப் பழமை வெட்கம். எனக்கு இது தகுதி. ஆண்டுக்கணக்காகப் பலர் மோதி, திருத்தி, பழகிய உடல் இது. உறுப்புகள் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு காரணமும் உண்டு. இக்கருவி எதைத் தாங்கிப் பிடிக்கிறது, எதை நம்மிடம் விடுகிறது என்பதில் ஒருமை இருக்கிறது. நிலையாக நிற்பதை ஜி.பி.எஸ். பார்த்துக்கொள்கிறது, படம் குலுங்காமல் கிம்பல் பார்த்துக்கொள்கிறது, இணைப்பு அறுந்தால் கருவி தானே வீடு திரும்புகிறது. திசை, வேகம், உயரம், சட்டகம் எல்லாம் நம் பொறுப்பு. பின்தொடர்ந்து படமெடுக்கும் வசதி இல்லை. சினி நிலையில் ஸ்டிக்கை மெல்லத் தள்ளி, முன்னேறியபடியே திருப்பி, கேமராவைத் தாழ்த்தும் மூன்று அசைவுகளை ஒருங்கே செய்யப் பழகுவதுதான் இக்கலையின் பாலபாடம். அதைப் பழகும் கட்டாயத்தை இக்கருவி அகற்றவில்லை.

அது சொல்லித்தராமல் விடும் இடங்களும் உண்டு; அவற்றில் இரண்டு ஆபத்தானவை. வீடு திரும்பும் உயரம் முதலாவது. முன்பக்க உணரி இல்லாததால், நாம் குறித்துவைத்த உயரத்தில் நேர்கோட்டில்தான் திரும்பும். சுற்றிலும் 25 மீட்டர் தென்னை இருக்க, உயரத்தை 20 என்று விட்டிருந்தால் காப்பாற்ற வந்த ஏற்பாடே கருவியைக் கொண்டுபோய் மோதும். இரண்டாவது ப்ரொப்பல்லர். இரு வகை இறக்கைகள், ஒரு வகைக்கு மட்டும் சிறு அடையாளக்கோடு. மாற்றிப் பூட்டினால் எழும்பும்போதே கவிழும். பூட்டுவதற்குச் சின்னஞ்சிறு திருகுகள் வேறு. மைதானத்தில் அவற்றைத் தவறவிடாத ஓட்டுநரை நான் பார்த்ததில்லை. இத்தனை ஆண்டுகளாக இந்தத் திருகை மாற்ற மனம் வராதது வடிவமைப்பின் சோம்பல்.

படத்தின் குறையை மழுப்பக் கூடாது. மினி 3-இன் 1/1.3 அங்குலச் சென்சார் பரப்பில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. துளை எஃப் 1.7 என்பதால் ஒளி இன்னும் இரண்டரை மடங்குக்குமேல். பெருக்கினால் மினி 3 வாங்கும் மொத்த ஒளி ஆறேழு மடங்கு. பகலில் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, சூரியன் சாய்ந்ததும் மறைக்க முடியாது. அந்தி நேரத்து நீர்நிலை, விளக்கேற்றிய கோபுரம், மேகத்தின் அடிவிளிம்பு எல்லாவற்றிலும் மினி 4கே-யின் படம் புள்ளி பூத்து, நிழல்கள் சேறாகும். ‘ஒளிக்குறை ஒழுக்கம் கற்பிக்கும்’ என்று இதற்குச் சப்பைக்கட்டு கட்டுவோர் உண்டு. குறை குறையே. தவிர, மினி 3 கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் படமெடுக்கும். அறிவிப்பில் 38 நிமிடம் பறக்கும். ஓட்டும் விதத்திலோ இரண்டும் ஏறத்தாழ ஒன்றே: முன்பக்க உணரி இதிலும் இல்லை, பொறுப்பு இதிலும் கையிடமே.

அப்படியானால் மினி 3-க்குத்தானே முதலிடம்? கருவியோடு கருவியை மட்டும் நிறுத்தினால் ஆம். தனியாக வைத்துப் பார்த்தால் இந்த வகுப்பில் மிகச் சமநிலை கொண்ட கருவி மினி 3. ப்ரோ என்ற சொல் இல்லாததால் விளம்பரங்களிலும் விமர்சனங்களிலும் நிழலில் நின்றது. ஆனால் முதல் ஆண்டில் ஒருவருடைய கையை வளர்ப்பது சென்சார் பரப்பு அல்ல, காற்றில் கழித்த நேரம். மினி 4கே மூன்று பேட்டரிகளோடு வரும் தொகுப்பு அறிமுகத்தில் 449 டாலராக இருந்தது. மைதானத்துக்குப் போய் ஒரு பேட்டரியோடு 20 நிமிடத்தில் திரும்புவதும் ஒரு மணிநேரத்துக்கும் மேல் பழகிவிட்டுத் திரும்புவதும் வெவ்வேறு கல்விகள். முதல் 20 நிமிடம் பதற்றத்தில் போகும்; கை இளகுவது இரண்டாம் பேட்டரியில். ஆகவே தீர்ப்பு: புதிதாக ஓட்டவும் படமெடுக்கவும் தொடங்குபவருக்கு மூன்று பேட்டரியோடு மினி 4கே. ஏற்கெனவே தரையில் கேமராவைக் கையாளத் தெரிந்தவருக்கு, அதாவது ரா கோப்பின் நிழலை எதுவரை தூக்கலாம் என்று அறிந்தவருக்கு, மினி 3. அவர் கற்கவேண்டிய கலை ஒன்றுதான். மற்றதில் அவரைப் பட்டினி போடுவது அநீதி. மினி 3-க்கென விற்கும் பெரிய பேட்டரியைப் பொருத்தினால் எடை 250-ஐத் தாண்டும், சட்ட வகுப்பே மாறிவிடும் என்பதை மட்டும் அவர் நினைவில் வைக்கட்டும். மினிகளுக்குத் தனியே விற்கும் ப்ரொப்பல்லர் வேலியும் அதே காரியத்தைச் செய்யும்.

எதை வாங்கினாலும் ஒரு துணைப்பொருளை நான் கட்டாயமென்பேன்: ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர். இரண்டிலும் துளை மாறாது. உச்சிவெயிலில் ஐ.எஸ்.ஓ. நூறிலும் மினி 4கே-யின் ஷட்டர் 1/3000 நொடிவரை ஓடும். நொடிக்கு 30 ஃப்ரேம் வீடியோவில் அசைவு இயல்பாகத் தெரிய வேண்டுமென்றால் அது 1/60-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அந்த இடைவெளியை அடைக்க என்.டி. 32 அல்லது 64. ட்ரோன் காட்சி ‘வெடுக் வெடுக்கென்று’ இருக்கிறது என்று குறைப்படுவோரில் பலர் குற்றத்தைக் கிம்பல்மீது போடுகிறார்கள், குற்றவாளி ஷட்டர்.

இத்தனையும் சொன்னபின் இந்திய வாசகருக்குக் கசப்பான பகுதி. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் ட்ரோன் இறக்குமதியைத் தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகம் வரலாம், முழுக்கருவியோ பிரித்துக் கட்டிய தொகுப்போ வரக் கூடாது. ஆகவே மேலே எடைபோட்டவை சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் கடையில் கிடைக்கும். சென்னையில் சட்டப்படி புதிதாக வந்திறங்க வழியில்லை. உறவினர் பெட்டியில் கொண்டுவருவதும் இறக்குமதியே. சுங்கத்தில் போனால் போனதுதான். மறைவாக விற்கப்படுவதை வாங்குவோர் உண்டு. உத்தரவாதமும் ரசீதும் இல்லாத பொருள் பற்றித் திறனாய்வு சொல்ல எதுவுமில்லை. உள்நாட்டுத் தொழிலை வளர்க்கவே தடை என்கிறது அரசு. விவசாயம், அளவை ஆகியவற்றுக்கான பெரிய ட்ரோன்களில் அந்த வாதத்துக்கு வலு உண்டு. 249 கிராம் கேமரா வகுப்பில், மினி 4கே-யின் அருகில் வைத்து ஒப்பிடத்தக்க இந்தியக் கருவி எதையும் தயங்காமல் சுட்ட என்னால் இயலவில்லை.

2021 விதிகள் தம்மளவில் தாராளமானவை என்பதையும் சொல்ல வேண்டும். நானோ வகைக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடிவரை முன்னனுமதி இல்லாமல் பறக்கலாம். மண்டல வரைபடம் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. எடையைக் கணக்கிடும்போது சுமந்து செல்லும் பொருளையும் சேர்த்தே கணக்கிடுகிறது விதி. ஓட்ட அனுமதித்த கையே வாங்க அடைத்தது என்பதுதான் இந்த முறைமையின் முரண்.

எனவே இங்கு இருப்பவர், இந்தியத் தயாரிப்பு என்ற முத்திரையோடு 249 கிராமில் விற்கப்படும் கருவிகளின் முன் இதே அளவுகோல்களோடு நிற்க வேண்டியிருக்கும். விளம்பரக் காட்சியைப் பார்க்க வேண்டாம். திருத்தாத மூலக்கோப்பைக் கேளுங்கள். கருவி பக்கவாட்டில் வேகமாக நகரும் காட்சியாக இருக்கட்டும், மாலை ஐந்தரைக்கு மேல் எடுத்ததாக இருக்கட்டும். அடிவானம் சாய்ந்தால் மூன்றச்சு கிம்பல் பெயரளவில். ஃப்ரேம்கள் கலங்கினால் மென்பொருள் வேலை. பிறகு மூன்று கேள்விகள்: இணைப்பு அறுந்தால் எந்த உயரத்தில், எந்தப் பாதையில் திரும்பும்? ஒடிந்த கை ஒன்றின் விலை என்ன, எத்தனை நாளில் வரும்? கூடுதல் பேட்டரி இன்று இருப்பில் உண்டா? மூன்றாவதற்குத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டு, ஒரு பழைய டெல்லோவைத் தேடிப் போகலாம்.